நாரைகள் எப்போது கூடு கட்டும்?

நம்பிராஜன் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் வாத்தியார். தலை நரைத்த பிறகுதான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். அவருடைய நெறியாளர் பேராசிரியர் ஜெசிந்தா அவரைவிட ஏழு வயது இளையவர்.

ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. தேர்வாளர்களின் அறிக்கைகளும் நல்லபடியாக வந்துவிட்டன. வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறிப்பதுதான் பாக்கி.

"பிளஸ் டூ பரீட்சை டியூட்டி இருக்கு மேடம்" என்றார் நம்பிராஜன்.

"சரி சார், தள்ளி வைப்போம்."

அடுத்த முறை, "அக்கா மகளுக்குக் கல்யாணம்" என்றார்.

"சரி."

மூன்றாம் முறை தொண்டை கட்டியிருப்பதாகச் சொன்னார். ஜெசிந்தா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நாள் பிடிக்கலையா சார், வரப்போற ஆளைப் பிடிக்கலையா?"

"தேர்வாளரா வர்றவர் உங்க கூடப் படிச்சவராமே மேடம். அஞ்சாம் இயலைப் பத்திக் கேட்பாரு."

"கேட்கட்டுமே."

அவர்கள் ஊர்ப்பக்கத்துக் குளத்துக்கு ஆண்டுதோறும் நாரைகள் வரும். குளம் நிரம்பியதும் அவை கூடு கட்டும் என்று ஜெசிந்தா இருபது ஆண்டுகளுக்கு முன் தம் ஆய்வேட்டில் எழுதியிருந்தார். புத்தகமாகவும் வந்த அதுதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. நம்பிராஜன் அதே குளக்கரையில் பல பருவங்கள் நின்று பார்த்தார். நாரைகள் குளம் நிரம்பியதும் கட்டவில்லை. தண்ணீர் வற்றத் தொடங்கும்வரை காத்திருந்தன. நீர் குறைந்தால்தான் குஞ்சுகளுக்கு மீன் லேசாகக் கிடைக்கும். அதை ஐந்தாம் இயலில் எழுதினார். ஜெசிந்தா ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்.

"காகிதத்துல எழுதுறது வேற மேடம். நாலு பேர் முன்னால, உங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வாயால சொல்றது வேற."

ஜெசிந்தா துறை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமைன்னு அறிவிப்புப் போட்டுருங்க."

அந்த வெள்ளிக்கிழமை கருத்தரங்கக் கூடம் நிறைந்திருந்தது. பள்ளியிலிருந்து சக ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். நம்பிராஜனின் மனைவி முன்வரிசையில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தார். நம்பிராஜன் நன்றாகத்தான் பேசினார். ஐந்தாம் இயல் வந்தபோது மட்டும், "சில வேறுபாடுகள் காணப்பட்டன" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குத் தாவினார்.

தேர்வாளர் நாசூக்கான மனிதர். மற்ற இயல்களைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். அந்த இடத்தைத் தொடவே இல்லை. பழைய தோழியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "எனக்குத் திருப்தி. சபையில யாராவது கேட்கணுமா?" என்றார்.

நம்பிராஜனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஜெசிந்தா எழுந்தார். மேடையிலிருந்து இறங்கிப் போய்ப் பார்வையாளர் வரிசையில் நின்றார்.

"நான் கேட்கணும். இந்தக் குளத்து நாரைகளைப் பத்தி இருபது வருஷத்துக்கு முன்னால ஒரு ஆய்வு வந்திருக்கு. அதோட முடிவு சரியா, தப்பா?"

"மேடம்... அந்தக் காலத்துல இருந்த வசதிக்கு அந்த ஆய்வு..."

"வசதியை விடுங்க சார். சரியா, தப்பா?"

நம்பிராஜன் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"தப்பு."

"எப்படிச் சொல்றீங்க?"

சொன்னார். முதல் இரண்டு வாக்கியம் தடுமாறியது. பிறகு குளம் கண்முன் வந்துவிட்டது. எந்தக் கரையில் நின்றார், தண்ணீர் எங்கே இறங்கியபோது முதல் சுள்ளி வந்தது என்று எல்லாவற்றையும் வகுப்பில் பாடம் நடத்துவதுபோல் சொல்லி முடித்தார். தேர்வாளர் பேனாவை மூடிவிட்டு முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நன்றி" என்று ஜெசிந்தா உட்கார்ந்தார்.

பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகத் தேர்வாளர் அறிவித்ததும் கைதட்டல் எழுந்தது. எல்லோரும் டீயும் வடையுமாகக் கலைந்துகொண்டிருந்தபோது நம்பிராஜன் ஜெசிந்தாவிடம் வந்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"அவரே விட்டுட்டாரே மேடம். நீங்க ஏன் கேட்டீங்க?"

"அவர் கேட்டிருந்தா எனக்காகப் பாதியை விழுங்கியிருப்பீங்க."

"கேட்காம விட்டிருந்தாலும் பட்டம் கிடைச்சிருக்குமே?"

"கிடைச்சிருக்கும் சார்" என்றார் ஜெசிந்தா. "நாரைதான் இன்னும் என் புத்தகத்துல தப்பான நேரத்துல கூடு கட்டிக்கிட்டு இருந்திருக்கும்."