உடைக்காத கட்டை

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. சொன்னவர் பொய் பேசுகிறவர் அல்ல. அதுதான் தொந்தரவு.

அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து படியும் ஊர் அது. கொத்தனார் மாசிலாமணியின் மனைவி தங்கபுஷ்பம் இருமி இருமியே இறந்தாள். அந்தச் சாம்பலைச் சிமெண்டோடு பாதிக்குப் பாதி கலந்து வீடு கட்டப்போவதாக அவர் சொன்னபோது, ஊரில் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கலவையை அச்சில் வார்த்து, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று இயந்திரத்தில் நசுக்கிப் பார்க்க, கட்டை கட்டையாகப் பாலிடெக்னிக் ஆய்வகத்துக்குச் சுமந்து போவார். அங்கே ஜெசிந்தா டீச்சர். அவரைவிட இருபது வயது இளையவர்.

“இதுவும் பொடிஞ்சிருச்சு டீச்சர். சலிச்சுப் போட்டேன், சுண்ணாம்பு சேத்தேன். பலமே வரல.”

“எப்ப நசுக்குனீங்க?”

“ஏழாம் நாள். சிமெண்டுக்கு அப்படித்தான?”

“இது சிமெண்டா அண்ணே?”

அவர் பொடிந்த கட்டையை விரலால் கிளறினார்.

“பச்சப்புள்ள தலையில மூட்டைய ஏத்திட்டு, தூக்கலையேன்னு அழுறீங்க.”

“ஒரு உசிர வாங்குன சாம்பல் டீச்சர். ஒரு சுவரையாவது தாங்க வேண்டாமா?”

டீச்சர் மிச்சமிருந்த ஒரே கட்டையைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார். பிறகு, நசுக்கும் இயந்திரத்தின் கைப்பிடியைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

“வீட்டுக்குக் கொண்டு போங்க. பனி முடிஞ்சு எடுத்துட்டு வாங்க.”

“பசங்க கேட்டா?”

“கொத்தனார் வீட்ல இருக்குன்னு சொல்றேன்.”

மழைக்காலம் போனது. பனியும் போனது.

கைப்பிடியைத் துணியில் சுற்றிக்கொண்டு மாசிலாமணி வந்தார். டீச்சர் கட்டையைத் தொட்டியிலிருந்து எடுத்து இயந்திரத்துக்குள் வைத்தார்.

“மாட்டுங்க அண்ணே.”

கட்டையிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அவர் வெகுநேரம் நின்றார்.

கைப்பிடியை மேசைமேல் வைத்தார். கட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அதே கலவையில் வீடு கட்டினார்.

நான் நம்பாதது இந்த இடத்தைத்தான். அத்தனை கட்டைகளை நசுக்கிய கை அது. நானாக இருந்தால் மாட்டியிருப்பேன்.

போன ஐப்பசியில் அவர் வீட்டுக்குப் போனேன். தங்கபுஷ்பத்தின் படத்துக்கு முன்னால், முனைகூட மழுங்காமல், அந்தக் கட்டை இருந்தது. வெளியே அடைமழை.

அந்தச் சாம்பல் சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கேட்டேன்:

“உடைச்சே பாக்காம, பலம் வந்திருச்சுன்னு எப்படிண்ணே நம்புனீங்க?”