கோளாறே சொல்லாத ரீடர்

கூளப்பட்டி ஆட்களைப் பற்றி எதைச் சொன்னாலும் நான் கூட்டிச் சொல்கிறேன் என்பார்கள். சத்தியமாகக் குறைத்துத்தான் சொல்கிறேன். நடந்ததை நடந்தபடி சொன்னால் அந்த ஊருக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

அங்கே சோணமுத்து, ஒச்சப்பன், விருமன் என்று மூன்று கூட்டாளிகள். மூவரும் சேர்ந்து பழைய பிக்கப் வண்டி ஒன்று வாங்கினார்கள். விற்றவர் சாவியைக் கொடுக்கும்போது, "இன்ஜினுக்குள்ள மட்டும் தூசி போகாமப் பாத்துக்கங்க" என்றார். ஒச்சப்பன் உடனே பானெட்டைத் திறந்து, தூசி எந்த வழியாகப் போகும் என்று தேடினான். காற்று இழுக்கும் குழாய் ஒன்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது. சீட்டில் கிடந்த விருமனின் துண்டை எடுத்து, நன்றாக மடித்து, அந்த வாயில் இறுக்கிக் கட்டினான். கட்டிய கையோடு அதை மறந்தும் போனான். அன்று முதல் விருமன் துண்டைக் காணோம் என்று புலம்ப, ஒச்சப்பனும் அவனோடு சேர்ந்து ஊரெல்லாம் தேடினான்.

இப்படி இருக்கையில் சோணமுத்துவின் தங்கை பவுனுத்தாய் தன் மகளுக்கு வெள்ளக்கரட்டில் உள்ள குலசாமி கோயிலில் காதுகுத்து வைத்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அவளுடைய மூத்த மகனின் காதுகுத்துக்குச் சோணமுத்து மறுநாள்தான் போய்ச் சேர்ந்தான். அவன் விரித்து வைத்த மடியில் பந்தல்காரர்கள்தான் உட்கார்ந்து, பிரித்த மூங்கிலை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகு அவள் வெகுகாலம் அண்ணனோடு பேசவில்லை. இந்த முறை போன் பண்ணி, "உச்சிப்பொழுதுக்குள்ள நீ வந்து உக்காரலேன்னா, எனக்குக் கூடப்பிறந்தவனே இல்லேன்னு நெனச்சுக்கிருவேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். சோணமுத்துவுக்கு உலகத்தில் பயம் என்று இருந்தது அந்த அழுகை ஒன்றுதான்.

அதனால் அன்று விடிந்ததும் தாய்மாமன் செய்முறைத் தட்டுகளையும் ஒரு கிடாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் வண்டி இருமியது. ஸ்டியரிங்குக்கு முன்னால் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் எரிந்தது.

மெக்கானிக்குக்குப் போன் போட்டார்கள். "அந்த லைட்டு எரியறப்ப வண்டியை ஓட்டாதீங்க. போற வழியில டவுன்ல கோட் ரீடர்னு ஒரு சின்னக் கருவி விக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழ சொருகுனா என்ன கோளாறுன்னு சொல்லிரும். வெல கொறைச்சலா ஒண்ணு வாங்கிக்கங்க" என்றார் அவர்.

சோணமுத்து சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினான். லைட் அணைந்தது.

"அணைஞ்சிருச்சு மாமா, இப்ப ஓட்டலாம்" என்றான் விருமன்.

சாவியைப் போட்டான். லைட் எரிந்தது.

"சாவி போடாம ஓட்டணும் போல" என்றான் ஒச்சப்பன்.

அப்படியே ஓட்டினார்கள். சோணமுத்து ஸ்டியரிங்கைப் பிடிக்க, மற்ற இருவரும் பின்னால் தள்ளினார்கள். வண்டி கனத்தது. பாரம் குறையட்டும் என்று தட்டுகளை இறக்கித் தங்கள் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் தள்ளினார்கள். கிடா மட்டும் இறங்க மறுத்து, மேலே நின்று ஊர் பார்த்தபடி வந்தது.

டவுன் கடைக்காரர் நல்ல மனிதர். மூன்று ரீடர்களை எடுத்து வந்து ஒவ்வொன்றாகச் சொருகிக் காட்டினார். விலை கூடிய பெரிய ரீடர் நான்கு கோளாறு சொன்னது. நடுத்தரமானது இரண்டு சொன்னது. குறைந்த விலைச் சின்ன ரீடர் ஒன்றே ஒன்று சொன்னது.

மூவரும் தனியே ஒதுங்கி ஆலோசித்தார்கள்.

"பெருசு பொல்லாத வாயா இருக்கு" என்றான் விருமன். "நம்ம வண்டியை வாய்க்கு வந்தபடி பேசுது. அதுக்கு நம்மகிட்டயே அம்புட்டுக் காசு கேக்குறாரு."

"சின்னது பரவாயில்ல. ஆனா அதுவும் ஒண்ணு சொல்லிருச்சே" என்றான் ஒச்சப்பன். "நாளைக்கு நம்ம வண்டியை ஒருத்தனுக்கு விக்கணும்னா?"

சோணமுத்து யோசித்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைக்காரரிடம் போய்ப் பணிவாக, "அண்ணே, வெல இன்னும் கொறைச்சலா, கோளாறே சொல்லாத ரீடர் ஒண்ணு இருக்கா?" என்று கேட்டான்.

கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடிப் பெட்டியில் பார்வைக்கு வைத்திருந்த ரீடரின் வெறும் கூட்டை எடுத்து மேசைமேல் போட்டார். "இது ஒண்ணுதான்யா இருக்கு. இது எதையும் காட்டாது. உள்ள ஒண்ணுமே கெடையாது."

சொருகினார்கள். சொன்னபடியே அது வாயைத் திறக்கவில்லை. மூவருக்கும் முகம் மலர்ந்தது. வேண்டாம் வேண்டாம் என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டும் அதைத்தான் வாங்கினார்கள்.

ஆனால் சாவியைப் போட்டதும் மஞ்சள் லைட் மறுபடி எரிந்தது.

"ரீடர் கோளாறு இல்லேங்குது, லைட்டு இருக்குங்குது. யாரு சொல்றது நெசம்?" என்றான் விருமன்.

"ரீடரைத் தனியாக் காசு குடுத்து வாங்கியிருக்கோம். லைட்டு வண்டியோட சும்மா வந்தது" என்றான் சோணமுத்து. அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? தட்டிலிருந்த சந்தனத்தை எடுத்து லைட்டின் மேல் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார்கள். லைட் மங்கலகரமாக மறைந்துபோனது.

வண்டி இருமிக்கொண்டே கொஞ்ச தூரம் போய், ஒரு புளியமரத்தடியில் மூச்சடங்கி நின்றது. எத்தனை தடவை சாவியைத் திருப்பியும் அசையவில்லை. சூரியன் உச்சிக்கு வர இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. சோணமுத்துவுக்குத் தங்கச்சி முகம் கண்முன்னால் வந்தது.

"கோளாறு நம்மள்ல யாருக்காச்சும் இருக்குமோ?" என்றான் விருமன்.

ரீடரைக் கழற்றி ஒவ்வொருவர் நெஞ்சிலும் வைத்துப் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் காட்டவில்லை. கிடாவுக்கும் இல்லை.

ஒச்சப்பன் நெடுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "பங்காளி, கோளாறு இல்லாத வண்டி எப்ப நிக்கும்?" என்று கேட்டான்.

"போற எடம் வந்தா நிக்கும்."

"நம்ம வண்டிக்குக் கோளாறு இல்ல. நின்னுருச்சு. அப்படின்னா?"

சோணமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்படின்னா வந்துட்டோம்டா! நேரத்துக்கு வந்துட்டோம்!"

புளியமரத்தடியில் ஜமுக்காளத்தை விரித்து, தட்டுகளைப் பரப்பி, சம்மணம் போட்டு மடியைத் தயாராக வைத்துக்கொண்டு தங்கைக்குப் போன் போட்டான்.

"தாயி, நான் வந்து உக்காந்துட்டேன். ஒங்க ஆளுக ஒருத்தரையும் காணோமே?"

"எங்கண்ணே இருக்க?"

"கோயில்லதான்."

"நான் கோயில்லதானே நிக்கிறேன்!"

"அப்ப நீ தப்பான எடத்துல நிக்கிற. பொழுது ஏறுது, வெரசா வா. இனிமே என்னையக் கொறை சொல்லாத."

பவுனுத்தாய்க்கு அண்ணனைத் தெரியும். வாயைக் கொடுத்தால் நேரம் போய்விடும் என்று அடையாளம் மட்டும் கேட்டுக்கொண்டு, பிள்ளையையும் காது குத்தும் ஆசாரியையும் சொந்தபந்தத்தையும் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தாள். உச்சிப்பொழுதுக்குள் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தியாயிற்று. பிள்ளை வீறிட்டது. சோணமுத்து அதைவிடச் சத்தமாக அழுதான். பவுனுத்தாய் திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். அண்ணன் அழுவதைப் பார்த்து அவளும் சேர்ந்து அழுதுவிட்டாள்.

அவள் புருஷன் பானெட்டைத் திறந்து, குழாய் வாயிலிருந்து கறுத்துப்போன துண்டு ஒன்றை உருவினான். சாவியைப் போட்டதும் வண்டி இருமாமல் ஜம்மென்று ஓடியது. விருமன் துண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "கெடைச்சிருச்சா!" என்று எல்லாரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் ஒச்சப்பன்.

கோயிலுக்குப் போய் விருந்து சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய மூவரும் ஊருக்குக் கிளம்பினார்கள். பாதி வழியில் விருமன் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"மாமா, ரீடர் சோதிச்சது துண்டு உள்ள இருந்த வண்டியை. அதுக்குத்தான் கோளாறு இல்லேன்னுச்சு. துண்டு இல்லாத வண்டியை யாரு சோதிச்சா?"

மற்ற இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. எவ்வளவு பெரிய ஆபத்தில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்! விருமன் பெருமூச்சு விட்டுத் துண்டைக் கொடுத்தான். ஒச்சப்பன் முன்போலவே இறுக்கிக் கட்டினான்.

வண்டி இருமி, தடுமாறி, ஆள் அரவமற்ற ஓர் ஆலமரத்தடியில் நின்றது.

"வீடு வந்துருச்சு" என்று இறங்கினான் சோணமுத்து.

"கதவைக் காணோமே மாமா?"

சோணமுத்து ரீடரை எடுத்து மரத்தின் மேல் வைத்துப் பார்த்தான். "கதவு இல்லேன்னா இது சொல்லியிருக்கும்ல? தட்டு."

விருமன் அடிமரத்தைத் தட்டினான். பலமாகத் தட்டினான். உள்ளேயிருந்து சத்தமே இல்லை.

"நம்ம வீட்டுப் பொம்பளைக கோவத்துல இருக்காளுக. எங்கள மட்டும் விட்டுட்டுப் போய் விருந்து சாப்பிட்டீகளான்னு இப்பத் தொறக்க மாட்டாளுக" என்றான் ஒச்சப்பன். "சத்தம் போடாம வாசல்லயே படுத்துக்கிருவோம்."