அகழி வெட்டிய மெஸ்

கோவில்பட்டியில் மாசானம், இசக்கி, தவசி என்ற மூன்று கூட்டாளிகள் ஒரு மெஸ் நடத்திவந்தார்கள். மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான், அதையும் யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். எதிரே புது மெஸ் வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. பொங்கலுக்குள் ஆள் சேராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

மாசானம் ஒரு புத்தகம் வாங்கி வந்தான். இன்றைய வாழ்க்கைக்கு வேண்டிய அறிவெல்லாம் இயற்கையிலும் அறிவியலிலும் வரலாற்றிலும் கிடக்கிறது என்று அட்டையிலேயே போட்டிருந்தது.

"முதல்ல எறும்பப் பாத்துக் கத்துக்கிடணுமாம்," என்றான்.

அடுப்பைப் பற்ற வைக்காமல் மூவரும் சர்க்கரை டப்பா முன்னால் குப்புறப் படுத்துப் பார்த்தார்கள்.

"எதிர்ல வாரவன் தலையில முட்டிட்டுத்தாம்ல போவுது," என்றான் இசக்கி.

"அதான் மரியாத. நாம யாரையாவது முட்டிருக்கமா?" என்று கேட்டான் தவசி.

அன்று மதியம் வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே நெற்றியில் முட்டி வரவேற்றார்கள். தவசி கொதிக்கிற ரச வாளியோடு முட்டினான். பாதிப் பேர் அப்படியே திரும்பிப் போனார்கள்.

அடுத்தது அறிவியல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால் குறை எதில் என்று தெரிந்துவிடுமாம். நியாயமான பேச்சு. ஒருநாள் உப்பை மட்டும் விட்டார்கள். மறுநாள் உப்பைப் போட்டுவிட்டு அரிசியை விட்டார்கள்.

"கொற அரிசிலதாம்ல இருந்திருக்கு," என்றான் இசக்கி. "இன்னைக்குச் சோறு கொழஞ்சிருக்குன்னு ஒருத்தரும் சொல்லல பாரு."

மிஞ்சியவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கோயில்பிச்சை சார் ஒருவர்தான். எதிர் மெஸ்காரரோடு அவருக்குச் சண்டை. வேறு போக்கிடம் இல்லை, பாவம்.

கடைசியில் வரலாறு. எதை இழக்கக் கூடாதோ அதைச் சுற்றி ராஜாக்கள் அகழி வெட்டினார்களாம்.

"நாம எத இழக்கக் கூடாது?" என்றான் மாசானம்.

"கோயில்பிச்சை சார," என்றார்கள் மற்ற இருவரும்.

சார் சாப்பிட்டுவிட்டு பெஞ்சில் கண்ணயர்ந்த நேரத்தில் மெஸ்ஸைச் சுற்றி ஆள் உயரத்துக்கு வெட்டி, தண்ணீரும் விட்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் மூவரும் வெளியே நின்றார்கள்.

"சார், எங்கயும் போயிராதீய," என்று கத்தினான் தவசி.

"எங்கலே போக? ராத்திரிச் சோறு யாரு போடுவா?" என்றார் சார்.

பசி பொறுக்காமல் அவரே அடுப்பைப் பற்ற வைத்தார். கத்தரிக்காய்க் குழம்பின் வாசம் தெருவெல்லாம் பரவியது. எதிர் மெஸ்ஸில் இருந்தவர்கள் இலையைப் பாதியில் விட்டு வந்து, அகழிமேல் பலகை போட்டு உள்ளே போனார்கள். உட்கார இடமில்லை.

மூவருக்கும் மண் வெட்டிய பசி. அவர்களும் வரிசையில் நின்று, பலகை ஏறி, பந்தியில் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். மாசானம் விரலைச் சூப்பிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"இப்படி ஒரு மெஸ் இருக்கும்போது நம்ம மெஸ்ஸுக்கு எவம்ல வருவான்? நாளைக்கே மூடிருவோம்."