மூன்று ஆள் ஆழம்

மழை பொய்த்த மூன்றாம் வருடம், அந்த மலையடி ஆசிரமத்தில் மிஞ்சியவர்கள் குருவும் சேந்தனும்தான். சுனை வற்றியதும் மற்றவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுப் போனார்கள். ஆளுக்கொரு தத்துவக் காரணம் சொன்னார்கள். தாகம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

சேந்தனுக்கும் குருவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மனைவி இறந்த பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு, போன வருடம்தான் சேந்தன் இங்கே வந்து சேர்ந்தான். போனவள் எங்கோ இருக்கிறாளா, இல்லவே இல்லையா என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். ஆன்மா அழியாது என்று முனிவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. ஆசிரமம் காலியான பிறகு ராத்திரிகளில் அந்தக் கேள்வியோடு தனியாகக் கிடப்பது அவனுக்குப் பயமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு விடைபெறப் போனான். குரு மருத மரத்தடியில், ஒரு புற்றுக்கு மேற்கே, இடுப்பளவுப் பள்ளத்தில் நின்று தோண்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன். முனிவர்கள் சொன்னதை நம்ப வேண்டுமா, ஆராய வேண்டுமா?"

குரு மண்வெட்டியை நிறுத்தவில்லை. மருத மரத்துக்குப் பக்கத்தில் புற்று இருந்தால், அதற்கு மேற்கே மூன்று ஆள் ஆழத்தில் நல்ல தண்ணீர் இருக்கும் என்று ஒரு முனிவர் சொல்லியிருப்பதாக மட்டும் சொன்னார்.

அந்த முனிவர் இந்த மலையைப் பார்த்ததே இல்லையே என்றான் சேந்தன். ஆமாம் என்றார் குரு.

போகிறவன் போயிருக்கலாம். ஆனால் பூட்டிய வீட்டுக்குத் திரும்ப அவனுக்கு என்ன அவசரம்? மர நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். உச்சி வெயிலுக்குள் பள்ளம் குருவின் தலையை மறைத்துவிட்டது. அதன் பிறகு அவர் வீசிய மண்ணில் பாதி அவர் மேலேயே விழுந்தது.

மரத்துக்கு அப்பால் இன்னும் இரண்டு மருத மரங்கள் நின்றன. அவற்றின் அடியிலும் ஒவ்வொரு பள்ளம், எருக்கு முளைத்துக் கிடந்தது. சேந்தன் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"இவையும் நீங்கள் தோண்டியவையா?"

"ஆமாம். நீ வருவதற்கு முன்னால்."

"இரண்டிலும் தண்ணீர் இல்லை. அப்படியானால் முனிவர் சொன்னது பொய் என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டது."

"தெரியவில்லை. இரண்டும் ஒன்றரை ஆள் ஆழம்தான்."

"ஏன் நிறுத்தினீர்கள்? உங்களுக்கே நம்பிக்கை போய்விட்டதா?"

குரு முகத்தில் அப்பியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதற்குக் கீழே போனால் மேலே நின்று மண் வாங்க ஓர் ஆள் வேண்டும்."

"அப்போது இங்கே அத்தனை பேர் இருந்தார்களே."

"இருந்தார்கள். பாதிப் பேர் நம்பினார்கள். முனிவர் வாக்கைத் தோண்டிப் பார்ப்பது பாவம் என்றார்கள். மீதிப் பேர் நம்பவில்லை. தோண்டுவது வீண் என்றார்கள்."

அவர் மறுபடியும் மண்ணை வீசினார். அது மறுபடியும் அவர் தலையில் கொட்டியது.

சேந்தன் மூட்டையைக் கீழே வைத்தான். சுனையில் சும்மா கிடந்த கயிற்றை எடுத்து வந்து, ஒரு கூடையில் கட்டிப் பள்ளத்துக்குள் இறக்கினான். கூடை நிறைந்ததும் இழுத்துக் கொட்டினான். பொழுது சாயும்வரை இதே வேலை நடந்தது. கை தோலுரிந்து எரிந்தது. அவளை நினைத்துக்கொண்டே இழுத்தான். பள்ளத்தில் வெளிச்சம் மங்கி, குருவின் முகம் தெரியாமல் போன பிறகுதான் கேட்டான்.

"மூன்று ஆள் ஆழம் போயும் தண்ணீர் இல்லாவிட்டால்?"

கீழே மண்வெட்டிச் சத்தம் நின்றது.

"முனிவர் சொன்னது தப்பு என்று நீ என்னிடம் சொல். ஏற்றுக்கொள்கிறேன். பிறகு இரண்டு பேருமாகக் கிளம்புவோம்."