முழங்கால் அளவு

ஆறு கடலில் விழுகிற இடத்தில் ஓர் ஊர். அந்த ஊரில் வீட்டுக்கு பிளான் வரைந்து, அனுமதிக்கு எழுதிக் கொடுப்பது பூங்கொடியின் வேலை. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த அய்யாக்கண்ணுவுக்கு ஐம்பத்திரண்டு. கொத்தனாராக இருந்தவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு கரண்டியை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

"பேர் சொல்லியே கூப்பிடுங்கண்ணே" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டார்.

புரட்டாசி பாதியில் ஒரு நாள் சவுக்குத்தோப்புத் தெரு லூர்துமேரி வந்தாள். போன வருஷ வெள்ளத்தில் ஊறி, தண்ணீர் வடிந்ததும் அவள் வீடு விழுந்துவிட்டது. புருஷன் கடலுக்குப் போகிறவன். இரண்டு பிள்ளைகளோடு தார்ப்பாய்க்குள் குடியிருக்கிறார்கள். அதே மனையில் திரும்ப வீடு கட்ட அனுமதி வேண்டும். மழை பிடிப்பதற்குள் பேஸ்மட்டமாவது எழும்ப வேண்டும்.

பிளான் தயாராக இருந்தது. விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. போன வெள்ளத்தில் மனையில் நின்ற தண்ணீர் எவ்வளவு?

"முழங்கால் அளவுன்னு போடுங்க" என்றாள் லூர்துமேரி.

அய்யாக்கண்ணு எழுதப் போனார்.

"இருங்கண்ணே" என்றாள் பூங்கொடி.

"எதுக்கு டீச்சரம்மா? அந்தத் தெருவே முழங்கால்தானே. எல்லா ஃபைல்லயும் அப்படித்தான் இருக்கு. இடுப்புக்கு மேலன்னு எழுதினா ஆபீஸ்ல கிடப்புல போட்டுருவாங்க. இல்லன்னா பில்லர் எழுப்பி அதுக்கு மேல கட்டுன்னு திருப்பி அனுப்புவாங்க. பில்லருக்கு இந்தம்மா எங்க போகும்?"

"அண்ணன் சொல்றதுதான் சரி" என்றாள் லூர்துமேரி. "கோயில் சாமியாரே வந்து கேட்டாலும் எங்க தெருவுல முழங்கால்னுதான் சொல்லுவோம். இடம் பார்க்க ஆள் வர்றாங்கன்னு தெரிஞ்சா முந்தின நாளே சுவத்துல இருக்கற தண்ணிக் கறை மேல சுண்ணாம்பு அடிச்சிருவோம். ஒரு தடவை சுண்ணாம்பு காயறதுக்குள்ள ஆபீசர் வந்து சாஞ்சிட்டாரு. முதுகெல்லாம் வெள்ளை. எல்லாருக்கும் தெரிஞ்சுது, அவருக்கு மட்டும் தெரியல. அப்படியே வண்டி ஏறிப் போனாரு."

அய்யாக்கண்ணு வாய்விட்டுச் சிரித்தார். பூங்கொடி சிரிக்கவில்லை. ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து லூர்துமேரியிடம் கொடுத்தாள்.

"இந்தச் சுவத்துல கோடு போடு. தண்ணி எதுவரைக்கும்?"

லூர்துமேரி குனிந்தாள். முழங்காலுக்கு நேராக ஒரு கோடு போட்டாள்.

"உன் மாமனார் அன்னிக்கு எங்க இருந்தாரு?"

அவள் நிமிரவில்லை.

"பரண்ல."

"முழங்கால் தண்ணிக்கு யாராச்சும் பரண்ல ஏறுவாங்களா?" என்றார் அய்யாக்கண்ணு. விளையாட்டாகத்தான் கேட்டார். கேட்ட பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டு நாள் இருந்தாருண்ணே. அவரையும் பிள்ளைங்களையும் மேல ஏத்திவிட்டு, நானும் எங்க வீட்டுக்காரரும் கீழ தண்ணியிலயே நின்னோம். மாமாவுக்கு மூச்சு எளைப்பு. மருந்தெல்லாம் தண்ணியோட போயிடுச்சு. ரெண்டாம் நாள் சாயங்காலம் பேச்சு நின்னுச்சு. மூணாம் நாள் காலைல, உசுரு போன பிறகு படகு வருது. பக்கத்துத் தெருவுக்கு மொத நாளே போயிடுச்சாம். எங்களுக்கு மட்டும் மூணாம் நாள். ஏன், நாங்க மனுசங்க இல்லையா? எவன் எங்களைக் கடைசில தள்ளினவன்? கையில கெடைச்சா விடமாட்டேன்."

பூங்கொடி அலமாரியைத் திறந்து ஒரு நகலை எடுத்தாள். மேஜையில் விரித்து வைத்தாள்.

"வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி ஆபீஸ்ல போடற பட்டியல். இது போன வருஷத்துது. படகு எந்தத் தெருவுக்கு முதல்ல போகணும்னு. தண்ணி அதிகமா நிக்கற தெரு மேல இருக்கும். கொறைச்சலா நிக்கற தெரு கீழ இருக்கும்."

லூர்துமேரி எழுத்துக் கூட்டிப் படித்தாள். விரல் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போனது. கடைசி வரியில் நின்றது. தெருப் பேருக்கு நேராக, முழங்கால் அளவு.

"இதை யாரு அவங்களுக்குக் குடுத்தது?"

"வீட்டு அனுமதிக்கு எழுதிக் குடுத்த காகிதத்துல இருந்து எடுத்திருக்காங்க. உங்க தெருவுல பதினாறு வீடு. பதினாறும் நான் எழுதினது."

லூர்துமேரி அவளையே பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று அய்யாக்கண்ணு நினைத்தார். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"நாங்கதானேக்கா அப்படி எழுதச் சொன்னோம்" என்றாள் லூர்துமேரி.

அவள் எழுந்துபோய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். கழுத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் ஒரு கோடு போட்டாள். அய்யாக்கண்ணு டேப்பைப் பிடித்தார். நாலு அடி.

"இதைப் போட்டா எனக்கு வீடு இல்ல. அப்படித்தானேக்கா?"

"திரும்பி வரலாம். வந்தா பில்லர் வச்சு வேற பிளான் போட்டுத் தரேன்."

"அதைக் கட்ட எனக்கு இந்த ஜென்மம் போதாது."

பூங்கொடி பட்டியலை மடிக்கப் போனாள்.

"நான் ஒருத்தி கழுத்துன்னு சொல்லி, மத்த பதினஞ்சு வீடும் முழங்கால்னே இருந்தா? படகு வருமா?"

"அதுக்கும் உறுதி சொல்ல முடியாது லூர்து."

லூர்துமேரி சாக்பீஸை மேஜையில் வைத்தாள்.

"போன வருஷம் பரண் இருந்துச்சு" என்றாள். "இப்ப அதுவும் இல்ல. சின்னவளைத் தோள்ல வச்சுக்கிட்டு ஒரு நாள் நிப்பேன். மூணு நாள் நிக்க என்னால ஆகாது. நாலு அடின்னே போடுங்கண்ணே."

அய்யாக்கண்ணு எழுதினார். லூர்துமேரி கையெழுத்துப் போட்டாள். போகிற வழியில் மற்ற வீட்டுக்காரர்களிடமும் சொல்லிப் பார்க்கிறேன் என்றாள். சொன்னால் அடிக்க வருவார்கள் என்றும் அவளே சொன்னாள். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெளியே வெயில் மங்கிக்கொண்டு வந்தது.

அய்யாக்கண்ணு அந்தக் காகிதத்தை ஃபைலில் வைத்தார்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கறேன். உண்மையை எழுதியாச்சு. சரி. இதுக்கு அனுமதி வரலன்னா, மழைக்கு அந்தம்மா பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க போகும்?"

"தெரியலண்ணே" என்றாள் பூங்கொடி. "அது தெரியாமத்தான் பதினாறு தடவை முழங்கால்னு எழுதினேன்."