அந்தஸ்துக் குண்டு

எர்ரம நாயக்கரின் பாளையத்தில் மூளைக்குப் பஞ்சம் வந்ததுண்டு. யோசனைக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. ஒருநாள் தளவாய் லிங்கம நாயக்கருக்கு ஒரு யோசனை வந்தது.

"மகாராஜா, என் துப்பாக்கிக்கும் சுண்டைக்காய் அளவு குண்டு, சாதாரணச் சிப்பாய்க்கும் அதே சுண்டைக்காய். பிறகு தளவாய் என்று எனக்கு எதற்குப் பட்டம்?"

மகாராஜாவுக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. உடனே உத்தரவு பிறந்தது. சிப்பாய்க்கு மிளகளவு ரவை. சேர்வைக்காரருக்குச் சுண்டைக்காய்க் குண்டு. தளவாய்க்கு எலுமிச்சங்காய்க் குண்டு. மகாராஜாவுக்கு விளாங்காய் அளவில் வெள்ளிக் குண்டு. அவர் எப்படியும் சுடப்போவதில்லை. பார்த்து மகிழ்ந்தால் போதும்.

ஆயுதச்சாலைக் கொல்லர் சிவனணைந்த ஆசாரி கையைக் கட்டிக்கொண்டு சொல்லிப் பார்த்தார்.

"சாமி, குழல் வாய்க்குத் தக்கனதான் குண்டு வார்க்கணும். ஆளுக்குத் தக்கன வார்த்தா உள்ள போகாதுங்க."

"அதிகப்பிரசங்கி" என்று அவர் வாயை அடைத்தார் தளவாய்.

விஜயதசமி வந்தது. விருந்தாளிகள் பார்த்திருக்கச் சிப்பாய்கள் துப்பாக்கியைச் சாய்த்துக் குறிபார்த்தார்கள். ரவையெல்லாம் பொலபொலவென்று அவர்கள் காலடியிலேயே உதிர்ந்தது. தளவாய் எழுந்தார். கருமருந்தைக் கொட்டினார், தக்கையைத் திணித்தார், குண்டை வைத்தார். அது குழல் வாயிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. கோலை எடுத்து இடி இடியென்று இடித்தார். நெற்றி வியர்த்ததே தவிர குண்டு நகரவில்லை. விருந்தாளிகள் மீசைக்குள் சிரித்தார்கள்.

"குழலைச் சின்னதாகச் செய்து ஆசாரி என் மானத்தை வாங்கிவிட்டான்" என்றார் தளவாய்.

"நாளை உச்சிப்பொழுதில் அவன் வலது கட்டைவிரலை வெட்டுங்கள்" என்றார் மகாராஜா.

அந்தத் தீர்ப்பை ஓலையில் எழுத வேண்டியவர் ராயசம் மாதவையர். கட்டைவிரல் போன கொல்லன் சுத்தியல் பிடிப்பது எப்படி? எதிர்த்துப் பேசினால் அடுத்த விரல் தம்முடையது என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே அவர் பாராட்டத் தொடங்கினார்.

"மகாராஜா, அந்தஸ்துக்கு அளவு வைத்த இந்த உத்தரவைக் குண்டோடு நிறுத்துவது பாவம். தங்கள் பலகார அறைச் சாவியைப் பாருங்கள். பெட்டிக்கடைக்காரன் சாவி மாதிரி இருக்கிறது. அதை என்னிடம் கொடுங்கள், நாளைக் காலை தகுந்த சாவியோடு வருகிறேன்."

அந்த அறையில்தான் மகாராஜாவின் அதிரசங்கள் இருந்தன. யாரையும் நம்பாமல் தாமே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். கொஞ்சம் தயங்கித் தளவாயைப் பார்த்தார்.

"என் யோசனைதானே மகாராஜா, தாராளமாகச் செய்யலாம்" என்றார் தளவாய்.

மறுநாள் காலை பூஜை முடிந்ததும் மாதவையர் ஒரு சாவியை நீட்டினார். பளபளக்கும் வெள்ளி, உலக்கைப் பருமன். மகாராஜா பூரித்துப்போய் இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு பலகார அறைக்கு நடந்தார்.

பூட்டின் துளையில் சாவியின் நுனிகூட நுழையவில்லை. திருப்பினார், குத்தினார். தளவாய் தோள் கொடுத்துத் தள்ளினார். உள்ளேயிருந்து ஏலக்காய் மணம் மட்டும் வந்தது.

"என்ன ஓய் இது, உள்ளேயே போகவில்லை?" மகாராஜாவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

மாதவையர் நிதானமாக ஓலையை விரித்து எழுத்தாணியை எடுத்தார்.

"சாவியில் குற்றமே இல்லை மகாராஜா, தங்கள் அந்தஸ்துக்கு அளவெடுத்துச் செய்தது. குற்றமெல்லாம் பூட்டில்தான். அதைச் செய்தவனும் அதே ஆசாரி. இடது கட்டைவிரலையும் சேர்த்து எழுதிவிடட்டுமா?"

மகாராஜா பூட்டைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். தளவாயை வெகுநேரம் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"விரல்களை விட்டுத்தொலையும் ஓய். முதலில் அந்தப் பெட்டிக்கடைக்காரன் சாவியைக் கொடும்."