பெயர் கேட்காத ஸ்கிரிப்ட்

"என் மெஷின்ல நல்லா ஓடுதும்மா" என்றார் இருதயராஜ்.

செங்கமலம் அவர் எழுதிய ஸ்கிரிப்டைத் திரையில் திறந்தாள். ஐஸ் ஆலையின் மாடியில், கடலைப் பார்த்த அறை அது. கீழே ஐஸ் உடைக்கும் சத்தத்தில் தரை அதிர்ந்துகொண்டிருந்தது.

காற்றைக் கவனித்து மீனவர்களை எச்சரிக்கும் கரைமணி என்ற மென்பொருளை எழுதியவள் அவள். கடலோர ஊர்களில் எந்தப் பழைய கணினி கிடைக்கிறதோ, அதில் அது ஓடும். யார் வேண்டுமானாலும் அதற்கு ஒரு ப்ளகின், அதாவது ஒரு துணைநிரல், எழுதிச் சேர்க்கலாம். இருதயராஜ் சேர்த்தது ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட்; கட்டளைகளைப் படித்துச் செய்துமுடிக்கும் ஷெல் என்ற நிரலுக்கு எழுதிய சில வரிகள். காற்றின் வேகம் எல்லை மீறினால் துறைமுகத்துச் சங்கை ஊதவைப்பது அதன் வேலை.

வயதில் அவர் அவளைவிட மிக மூத்தவர். சென்னையில் பெரிய கம்பெனிகளில் பலரை வேலை வாங்கியவர். யாரிடமும் போய் நின்று பழக்கமில்லை.

சில நாட்களுக்கு முன் ஒரு காலையில், ஒரு ஊரில், காற்று எல்லை மீறியது. சங்கு ஊதவில்லை.

படகுகள் போயின. ஒன்று கவிழ்ந்தது. அதிலிருந்த அண்ணனும் தம்பியும் சாயங்காலம்வரை கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். பிறகு மீட்டார்கள்.

இருதயராஜ் அந்த இருவரையும் பார்க்கப் போனார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனார். அண்ணன்காரர் எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார்.

"சங்கு ஊதலை சார். அதான் போனோம்."

அவ்வளவுதான் சொன்னார். அந்த நாற்காலியில் இருதயராஜால் உட்கார முடியவில்லை. அங்கிருந்து நேராக இங்கே வந்துவிட்டார்.

செங்கமலம் ஸ்கிரிப்டின் முதல் வரியைப் படித்தாள்.

"இதுல யாரைக் கூப்பிட்டிருக்கீங்க?"

"பாஷ் ஷெல்லை."

"அந்த ஊர் மெஷின்ல அது இல்லை. சாதாரண ஷெல்தான் இருக்கு. நீங்க கூப்பிட்டீங்க, யாரும் வரலை."

"இன்ஸ்டால் பண்ணிக்கச் சொல்லிடலாமே."

"யார்கிட்ட?"

நாற்காலி போட்டவரின் முகம் இருதயராஜுக்கு நினைவுக்கு வந்தது.

அவள் அவருடைய மடிக்கணினியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு பழைய கணினிப் பெட்டியை அவர் முன்னால் வைத்தாள். அதில் அந்தச் சாதாரண ஷெல் மட்டும் இருந்தது.

"இதுல எழுதுங்க."

எழுதினார். விரல்களுக்குப் பழகிய எதுவும் அங்கே இல்லை. இரட்டை அடைப்புக்குறி போட்டால், அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது பெட்டி. மதிப்புகளை வரிசையாக அடுக்கிவைக்கப் பார்த்தால், புரியவில்லை என்றது. கோபம் வந்தது. எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

ஒருவழியாக ஓடியது.

செங்கமலம் பார்த்தாள். காற்றின் அளவுகள் சேரும், 'கடல்' என்றிருந்த ஃபோல்டரின் பெயரைக் 'கடல் காற்று' என்று மாற்றினாள். ஓடவிட்டாள்.

ஸ்கிரிப்ட் அந்தப் பெயரை இரண்டாகப் பிளந்தது. கடலைத் தனியாகத் தேடியது, காற்றைத் தனியாகத் தேடியது. இரண்டும் கிடைக்காமல் நின்றுபோனது.

"நடுவுல ஒரு இடைவெளி விட்டதுக்கா?"

"ஊர்ல பேர் வைக்கிறவங்க இடைவெளி விட்டுத்தான் வைப்பாங்க."

பெயர் வரும் இடமெல்லாம் தேடித் தேடி, இடைவெளி இருந்தாலும் ஒரே பெயராகப் படிக்கும்படி மேற்கோள்குறி போட்டு மூடினார்.

அடுத்த வாரம் நிமிர்ந்த நடையோடு வந்தார்.

"எல்லா மெஷினுக்கும் எழுதிட்டேம்மா. ஸ்கிரிப்ட் முதல்ல நீ யாருன்னு கேக்கும். லினக்ஸ்னா இப்படிச் செய்யும், மேக்னா அப்படி, சின்னப் பெட்டின்னா வேற மாதிரி."

செங்கமலம் திரையை நகர்த்தினாள். நகர்த்திக்கொண்டே இருந்தாள். ஸ்கிரிப்ட் போய்க்கொண்டே இருந்தது.

"இன்னும் யாரும் செய்யாத மெஷினுக்கு எங்க எழுதியிருக்கீங்க?"

"அது பேரே எனக்குத் தெரியாதேம்மா."

"அதுக்கும் உங்க பேர் தெரியாது."

சொல்லிவிட்டு டீ குடிக்க இறங்கிப் போனாள்.

இருதயராஜ் ஜன்னலோரம் நின்றார். கீழே ஐஸ் ஏற்ற ஒரு படகு வந்து நின்றிருந்தது. வேறு மாநிலத்துப் படகு. ஐஸ் தள்ளுகிறவருக்குப் படகிலிருந்தவர்கள் பேச்சு புரியவில்லை. எந்த ஊர் என்றும் அவர் கேட்கவில்லை. படகின் கிடங்கைக் கையால் காட்டினார். படகுக்காரர் மூடியைத் திறந்துவிட்டார். ஐஸ் சரிந்து இறங்கியது.

அடுத்த படகு வந்தது. மறுபடி கை நீண்டது. மூடி திறந்தது.

இருதயராஜ் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு உட்கார்ந்து, மெஷின்களின் பெயர்களை எல்லாம் அழித்தார். நீ யார் என்று கேட்ட இடங்களில், உன்னால் இது முடியுமா என்று மட்டும் கேட்டார். முடியாது என்று பதில் வந்தால், அதைவிட எளிய வழி ஒன்றை வைத்தார். ஸ்கிரிப்ட் சுருங்கிச் சுருங்கி ஒரே திரைக்குள் அடங்கியது.

செங்கமலம் படித்தாள். அதைக் கரைமணியில் சேர்த்தாள்.

மழைக்காலம் வந்தது. ஒரு மத்தியானம் அந்த அறையின் ஃபோன் அடித்தது. செங்கமலம் வேலையாக இருந்தாள். இருதயராஜ் எடுத்தார். காற்றும் அலையும் கலந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்குரல்.

"கரைமணிக்காரவங்களா? தீவுலேர்ந்து பேசுறேன். நேத்து காத்து அடிச்சுச்சுல்ல, சங்கு ஊதிருச்சு. எங்க வீட்டுக்காரரு பாதியிலயே போட்டைத் திருப்பிட்டாரு. சொல்லணும்னு தோணுச்சு."

அந்தத் தீவில் கரைமணி இருப்பதே அவருக்குத் தெரியாது.

"உங்ககிட்ட என்ன மெஷின்மா இருக்கு?"

"யாருக்குத் தெரியும்? உடைச்ச கப்பல்லேர்ந்து வந்த பொட்டி. மேல என்னமோ வேத்து நாட்டு எழுத்து போட்டிருக்கு. எங்க யாருக்கும் படிக்கத் தெரியாது."

லைன் அறுந்தது.

இருதயராஜ் ஃபோனைக் கையில் பிடித்தபடியே நின்றார். உடைத்த கப்பலின் பெட்டி ஒன்று. படிக்கத் தெரியாத எழுத்து. முகம் தெரியாத மனிதர்கள். அங்கே காற்று எழுந்த நேரத்தில் அவருடைய நாலு வரிகள் விழித்து, முடியுமா என்று கேட்டிருக்கின்றன. முடியும் என்று ஒரு பதில் வந்திருக்கிறது. ஃபோனை வைத்துவிட்டுச் செங்கமலத்திடம் விஷயத்தைச் சொன்னார்.

"அந்தப் பெட்டியை நான் பார்த்ததே இல்லம்மா. என்ன மெஷின்னுகூடத் தெரியாது. நான் எழுதினது அதுக்கு எப்படிப் புரிஞ்சுது?"

செங்கமலம் ஸ்கிரிப்டைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இதுல நீங்க எழுதினது எதுன்னு காட்டுங்க."

முதல் வரியிலிருந்து படித்தார். ஒவ்வொரு சொல்லும், அவர் ஒரு கணினியைத் தொடுவதற்கு வெகுகாலம் முன்பே யாரோ எல்லா மெஷினுக்கும் பொதுவாக விட்டுப்போன சொல். கடைசி வரிவரை போனார்.

காட்ட நீட்டிய விரல் எந்த வரியிலும் படாமல் நீட்டியபடியே இருந்தது.